கழற்றிய ஈயம்

ஜனவரி 12

அன்புள்ள வாத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, ஒழுகும் சமையலறைக் குழாய் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போனிலேயே கேட்கலாம்தான். போனில் நீ "ம்", "ம்" என்று சொல்லியே தப்பித்துவிடுகிறாய். வெறும் "ம்" எழுதி அதற்குத் தபால்தலை ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும். அதனால்தான் கடிதம்.

வீட்டுச் செய்தி முதலில். உன் மாமா மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்தீர்களே, முக்குளிக்கும் சாமான், நீ துறைமுக வேலைக்குப் போனபிறகு பரணில் பல்லிக்கு வீடாக இருந்ததே, அதை இறக்கித் துடைத்து மாட்டிக்கொண்டாயிற்று. ஊருக்கு வெளியே கல் வெட்டி முடித்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது அல்லவா, ஞாயிறுதோறும் அங்கேதான். கூட ஒரு பல் டாக்டர், ஒரு பிளம்பர், வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர். அந்த ஓய்வு பெற்றவர்தான் இவர்கள் முக்குளிப்புச் சங்கத்துக்குச் செயலாளர். "நாலு பேருக்கு எதுக்குங்க செயலாளர்?" என்று கேட்டேன். "அப்ப மினிட்ஸ் யார் எழுதறதும்மா?" என்றார். தண்ணீருக்கு அடியில் ஒருவரும் பேச முடியாது. அதற்கு மினிட்ஸ்.

நீ கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவன், புதுச் சாமான்தான் போடுவாய். இவர்கள் பழசுக் கட்சி. கழுத்தின் இரு பக்கமும் மலைப்பாம்புக் குட்டிபோல இரண்டு ரப்பர் குழாய். சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட முள் கிடையாது. மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் முதுகுப் பக்கக் கம்பியை இழுக்க வேண்டும், கடைசிக் கொஞ்சம் காற்று வரும், அதற்குள் கரையேறிவிட வேண்டும். காற்றடைத்து மிதக்கும் சட்டை இருக்கிறதே, அது சோம்பேறிகளுக்காம். ஆளை அமுக்க இடுப்பில் ஈயம், நெஞ்சில் மூச்சு, இரண்டை வைத்தே சமாளிக்க வேண்டுமாம். இழுத்தால் மேலே, விட்டால் கீழே.

அந்த ஈயத்தை உருக்கியது என் பால் பாத்திரத்தில். தகர அச்சில் ஊற்றி, தீப்பெட்டி அளவில் கட்டி கட்டியாக எடுத்தார். எடையளவு ஆய்வாளர் அல்லவா, கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு கட்டியிலும் ஆபீஸ் முத்திரையைத் தட்டிவிட்டார். அரசாங்க முத்திரை பெற்ற இடுப்பு இந்த ஊரில் இவருக்கு மட்டும்தான்.

போன ஞாயிறு வாசலிலேயே பெருமை.

"ரெண்டு கட்டி கழட்டிட்டேன்."

"எங்க விழுந்துச்சு?"

"விழலடி. தேவைப்படல. மூச்சு பழகிடுச்சு. பழகினவனுக்கு ஈயம் கம்மியாத்தான் வேணும்."

பதவி உயர்வு வந்தபோதுகூட அந்த முகம் அப்படி மலரவில்லை. இன்னொன்று, குளியலறை எடை மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டார். தப்பு காட்டுகிறதாம், ஓர் ஆய்வாளர் வீட்டில் தப்புத் தராசு இருக்கலாமா என்கிறார். எனக்கு வருத்தமில்லை. அந்த மெஷின் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதே கிடையாது.

பேருந்து நிலையத்தில் என் குரல் இன்னும் ஓடுகிறது. சளி பிடித்து இரண்டு நாள் ஆண் குரலில் அறிவித்தேன். ஒருவரும் பேருந்தைத் தவறவிடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 19

மாப்பிள்ளைக்கு,

நலம் என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். உனக்காவது உண்மையை எழுதவேண்டும் என்றுதான் பேனா எடுத்தேன்.

கணையத்தில் வந்திருக்கிறது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திறந்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை என்றார். இந்த வருடக் கடைசியைப் பார்த்தால் அதிர்ஷ்டம்.

உன் அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அன்று நான் வீட்டுக்கு வந்தபோது, பேருந்து நிலையத்தில் யாரோ அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டி ஏறிய கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேராகவும் அவளே நடித்தாள், செருப்பாகவும் அவளே நடித்தாள். அது நின்றுபோனால் அந்த வீட்டில் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது.

ஈயம் கழற்றியதைப் பற்றி அவள் உனக்கு எழுதியிருப்பாள். நீ தொழில்காரன், உனக்கு உறைத்துவிடும். அதனால்தான் முந்திக்கொள்கிறேன். உடம்பில் கொழுப்பு கரைந்தால் மிதப்பு குறையும், ஈயம் வேண்டியிருக்காது. மூச்சு பழகியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் கழற்ற வேண்டிவரும். அப்போது நீ ஒரு காரணம் சொல்லு. நான் சொன்னால் குடைவாள், நீ சொன்னால் நம்புவாள்.

முழுகாதே என்று எனக்கு எழுதாதே. அங்கே கீழே மட்டும்தான் வலி விடுகிறது.

அக்கா தலைமேல் சத்தியம், வாயைத் திறக்காதே.

மாமா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு பரவாயில்லை. நீயும் மாமாவும் நலம்தானே?

கடிதம் கிடைத்தது. இங்கே கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன, உடனே எழுத முடியவில்லை.

ஈயம் குறைவது சகஜம். மூச்சு பழகுவது ஒரு காரணம். மாமாவின் ரப்பர் உடை பழசு, அது இன்னொரு காரணம். அந்த ரப்பருக்குள் பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழிகள் இருக்கும். அவைதான் ஆளை மிதக்க வைக்கும், அதை அமுக்கத்தான் ஈயம். வருடக்கணக்கில் பரணில் கிடந்தால் குமிழிகள் செத்துவிடும். உடைக்கு மிதப்பு போய்விடும், ஈயமும் குறையும். அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றும் இல்லை.

மாமா ராத்திரி சரியாகச் சாப்பிடுகிறாரா? அதிக ஆழம் போக வேண்டாம் என்று சொல். தனியாக இறங்கவே கூடாது.

அன்புடன்
தம்பி


மார்ச் 2

அன்புள்ள வாத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒரு தையல்காரரைத் தவிர. அவரும் உடம்பால் நலம், மனசால் என்னால் புண்பட்டிருக்கிறார்.

நீ குமிழி செத்துப்போனது என்று எழுதினாய் அல்லவா? படித்ததும் எனக்குப் பரிதாபமாகிவிட்டது. நம் வீட்டு ஆள் செத்த குமிழியைச் சுற்றிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் இறங்குவதா? கல்யாண நாளும் வந்தது. ரப்பர் உடை தைக்கிறவரிடம் போய்ப் புதிது ஒன்றுக்குச் சொன்னேன். அளவு கேட்டார். ஆளைக் கூட்டிவந்தால் ரகசியம் உடைந்துவிடும், அதனால் முன்பு தைத்த அளவிலேயே தைக்கச் சொன்னேன்.

கல்யாண நாளன்று காலையில் மாட்டிப் பார்த்தார். வாத்து, அந்த உடைக்குள் உன் மாமாவும் இருந்தார், இன்னொரு ஆளுக்கு வாடகைக்கு விட இடமும் இருந்தது. முதுகில் தொங்குகிறது, தொடையில் மடிகிறது. எனக்கு வந்ததே கோபம். உடையைச் சுருட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"ஏங்க, யானைக்குத் தைக்கச் சொன்னேனா?"

"நீங்க சொன்ன அளவும்மா."

"உங்க டேப்புதான் ஓட்டை. எங்க வீட்டுக்காரர் யார் தெரியுமா? எடையளவு ஆய்வாளர். இந்த டேப்பை இப்பவே பறிமுதல் பண்ண வைப்பேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் உடையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து மாமாவை அளந்தார். டேப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுக் கூலியில்லாமல் பிடித்துத் தந்துவிட்டார். தப்பை ஒத்துக்கொள்கிற தையல்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ஜெயித்தது எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். முக்குளிக்கிறவனுக்கு வயிறு கனக்கக் கூடாதாம். அரைக் கரண்டி சோறு, கொஞ்சம் சூப். மிச்சத்தை வீணாக்க மனசில்லாமல் நான்தான் சாப்பிடுகிறேன். ஆக, இந்த வீட்டின் மொத்த எடை மாறவில்லை. அவரிடம் குறைந்தது என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி "உங்க வீட்டுக்காரர் வர வர இளமையாயிட்டே போறார்" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனாள்.

நீ எப்போது வருகிறாய்?

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

தையல்காரரிடம் மறுபடி சண்டைக்குப் போகாதே. வழியில் பார்த்தால் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசு.

மாமா கேட்கிற சூப்பைக் கொடு, கட்டாயப்படுத்தாதே. இப்போதைக்கு எனக்கு விடுப்பு கிடைக்காது. ஆள் குறைவு.

உன் கதைகளைப் படித்து நிறையச் சிரித்தேன். எழுதிக்கொண்டே இரு.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள வாத்துக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ எழுதுவதைப் படித்தால் நம்பத்தான் முடிகிறது, தெரிந்துகொள்ள முடிவதில்லை. "நிறையச் சிரித்தேன்" என்று எழுதியிருந்தாய். சின்ன வயதிலிருந்து நீ சிரித்தால் எந்த இடத்தில் சிரித்தாய் என்று சொல்லுவாய்.

நான் தண்ணீரில் இறங்கிவிட்டேன். நீயே உட்கார்ந்துகொண்டு படி. செயலாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மாமாவுக்குத் துணை ஆள் இல்லை. தனியாக இறங்கவே கூடாது என்று நீதானே எழுதினாய்? "நான் வரேன்" என்றேன். உன் மாமா என்னைப் பார்த்து "சரி" என்றார். இத்தனை வருஷத்தில் என் யோசனைக்கு இவ்வளவு சீக்கிரம் "சரி" வந்ததே இல்லை.

என்னை ரப்பர் உடைக்குள் செலுத்த பிளம்பரின் மனைவியும் இன்னொருத்தியும் வேண்டியிருந்தது. சவர்க்காரம் போட்டு வழுக்கி ஏற்றினார்கள். தண்ணீரில் விட்டால் நான் ஒரு பெரிய தக்கை. ஈயம் கட்டுகிறார்கள், மிதக்கிறேன். இன்னும் கட்டுகிறார்கள், இன்னும் மிதக்கிறேன். மூச்சை இழுத்துப் பிடித்து நேராக நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கணும், மூச்சை விட்டால் தலை மெதுவாக உள்ளே போகணும், அதுதான் சரியான ஈயமாம். என் கண் மட்டத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் சங்கத்தின் ஈயக் கையிருப்பு காலியாகிவிட்டது.

ஆறு ஞாயிறு ஆயிற்று, இப்போது கரையோரம் கீழே உட்காரப் பழகிவிட்டேன். மூச்சும் பழகிவிட்டது. மூச்சு பழகியதற்கு எனக்கு ஒரே ஒரு கட்டிதான் குறைந்தது. மாமா அளவுக்கு எப்போது குறையும் என்று கேட்டேன். செயலாளர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி, "மூச்சுக்கு ஒண்ணும்மா. அதுக்கு மேல கழட்டணும்னா சதை கழலணும்" என்றார். சொன்னதும் பல் டாக்டர் அவர் காலை மிதித்தார். நான் பார்த்தேன்.

இப்போது உன்னிடம் ஒரு கணக்கு. பழைய உடையில் குமிழி செத்ததால் ஈயம் குறைந்தது என்று எழுதினாய். சரி. இப்போது புது உடை. குமிழி எல்லாம் உயிரோடு இருக்கிறது. உன் கணக்குப்படி மாமா ஈயத்தைக் கூட்ட வேண்டும். போன ஞாயிறு அவர் இன்னும் இரண்டு கழற்றினார்.

நீ தொழில்காரன். விளக்கம் எழுது. மாமாவின் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி பிப்ரவரியில் எதற்குக் கேட்டாய் என்பதையும் அதோடு எழுது. பதினைந்து வருஷத்தில் நீ ஒருவர் சாப்பாட்டையும் விசாரித்ததில்லை. என்னுடையதைக்கூட.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே மழை. தண்ணீர் கலங்கி, கையை நீட்டினால் கை தெரியவில்லை. தடவித் தடவித்தான் வேலை. மூன்று கப்பல் காத்திருக்கிறது. கூட வேலை செய்யும் ஒருவருக்குக் காதில் அடி, அவர் வேலையும் எனக்கு.

ஈயக் கணக்கு எப்போதும் சரியாக வராது அக்கா. தண்ணீரின் குளிர், சிலிண்டர், பல காரணம் இருக்கும்.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். பொருட்படுத்தாதே. வேறு தாளில் மாற்றி எழுத நேரமில்லை.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

நலம் விசாரிப்பை இந்தமுறை விட்டுவிடுகிறேன். நீ விசாரித்த அழகு போதும்.

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய். சிப்பி சுரண்டுகிற கை. ஒன்றும் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் அதற்குள் போய்விட்டது.

உன் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிறு, இறங்குவதற்கு முன், மாமாவின் ஈய பெல்ட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. துணை ஆளின் வேலை அது. முதுகில் சிலிண்டர் ஏற்றவில்லை இன்னும். பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கையை விட்டேன், பெல்ட்டை முன்பக்கம் கொண்டுவர. என் இரண்டு கையும் அவர் வயிற்றின்மேல் ஒன்றையொன்று தொட்டன. தொட்டதோடு நிற்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கல்யாணமான நாளிலிருந்து என் கைகள் அந்தப் பக்கம் சந்தித்துக்கொண்டதே இல்லை, உனக்குத் தெரியும், அவர் எப்படி இருந்தார் என்று. அளவெடுத்த தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தெருவில் நிற்கவைத்துத் திட்டினேன், அவர் தன் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷரிடம் போய் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பல் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். "என் வேலை பல்லோட நின்னுடும்மா" என்று தரையைப் பார்த்தார். அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சங்கத்துக்குத் தெரியும். செயலாளரின் மினிட்ஸில்கூட இருக்கும். உனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும், இல்லாவிட்டால் குமிழிக் கதை உனக்கு வந்திருக்காது. அவ்வளவு பொய்யை அவ்வளவு விவரமாகச் சொல்ல உனக்கு யாராவது வேலை கொடுத்திருக்க வேண்டும்.

எந்தப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று நாள் முழுக்க ஊருக்கு அறிவிக்கிறவள் நான். என் வீட்டில் ஒரு வண்டி கிளம்பப்போவதை எனக்கு அறிவிக்க ஆள் இல்லை.

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவர் இன்னும் மூச்சு பழகியது என்கிறார், நான் இன்னும் ஆமாம் என்கிறேன். வேலையிலிருந்து வந்து கதை நடிக்கிறேன். நேற்று ஒரு பயணி, தன் பெட்டி என்று நினைத்து அடுத்தவர் பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கிய கதை. நடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். சிரிப்பு தாங்காமல் பிடித்துக்கொள்கிறார் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். ரொம்பப் பெருமைப்பட்டிருக்கிறேன் அதற்கு.

என்ன வியாதி என்று மட்டும் எழுது. வேறொன்றும் எழுதாதே.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

கணையம். டாக்டர் இந்த வருடக் கடைசி என்றாராம். அதுவே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறொன்றும் எழுதாதே என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன். மாமா உன் தலைமேல் சத்தியம் வாங்கினார். நீ சிரிப்பதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். அடித்த வரியில் இருந்தது "அக்கா, அவரைக் கேள்" என்பது மட்டும்தான். அதைக்கூட அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

செப்டம்பரில் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? முதுகு எப்படி இருக்கிறது? மாமாவின் சாவுக்கு நீ வந்து நின்ற இரண்டு நாளில் வீடு நிறைய ஆள். பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் நீ "ம்" என்றிருப்பாய். அதனால் கடிதம்.

நாங்கள் கடைசியாக இறங்கிய ஞாயிறைப் பற்றி உனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கழற்றிய கட்டிகளை எங்கே வைத்தார் என்று நீ கேட்டதே இல்லை. பின்கட்டில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், துணியில் சுற்றி வைத்திருந்தார். உருக்கிவிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஆகஸ்ட் கடைசியில் தேடி எடுத்தேன். எல்லாவற்றையும் என் பெல்ட்டில் கோத்தேன். சங்கத்தின் ஈயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எனக்கு இதுவே சரியாக இருந்தது. நான்தான் சொன்னேனே, இந்த வீட்டின் மொத்த எடை மாறுவதில்லை.

கரையில் அவர் என் பெல்ட்டைச் சோதித்தார். ஆய்வாளர் கை. ஒவ்வொரு கட்டியாக விரல் போயிற்று. முத்திரைமேல் வந்ததும் நின்றது. அடுத்த கட்டிக்குப் போயிற்று, அதிலும் முத்திரை. எல்லாவற்றையும் தொட்டு முடித்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் என் கொக்கியை இன்னொரு தடவை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"எடை சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"எடை சரியாத்தான் இருக்கு" என்றார். என் முகமூடியை எடுத்துக் கொடுத்தபடி, "ஆய்வாளர்தான் சரியில்ல" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டோம்.

கீழே பத்தடி போனதும் எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுது பார்த்திருக்கிறாயா? துடைக்க முடியாது, மூக்கு சிந்த முடியாது. அடக்கினேன். அடக்கினால் மூச்சு நெஞ்சில் நின்றுவிடுகிறது, நின்றதும் மேலே போகிறேன். அவர் கீழே, நான் மேலே. பழைய சாமானில் அமுக்குவதற்கு ஒரு பொத்தானும் கிடையாது. அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, மற்ற கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்: விடு, மூச்சை விடு. விட்டேன். அழுகையும் அதோடு வந்தது. சத்தம் எல்லாம் குழாய் வழியாகக் குமிழியாகப் போயிற்று, என் பிடரிக்குப் பின்னால். நான் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே இருக்க வேண்டுமென்றால் அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும், அடக்கினால் மேலே தூக்கிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூச்சு இழுக்கக் கஷ்டமாகும்வரை உட்கார்ந்திருந்தோம். அவர் தன் கம்பியை இழுக்கவில்லை. நான்தான் எட்டி இழுத்துவிட்டு அவரைக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து பேசினோம். கேட்க வேண்டியதைக் கேட்டேன், திட்ட வேண்டியதைத் திட்டினேன், அவர் திருப்பித் திட்டினார். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போட்டோம். நான் சிரிப்பதை நிறுத்தவில்லை, தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு செருப்புக் கதையை மறுபடி நடித்தேன், நர்ஸ் வந்து திட்டும்வரை. அழுதுகொண்டே நடித்தேன், இரண்டும் சேர்ந்தே வந்தது. நீங்கள் இரண்டு பேரும் பயந்தது அதற்குத்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரோடு மனம்விட்டுப் பேச நீங்கள் எனக்கு மிச்சம் வைத்தது மூன்று வாரம். ஜனவரியிலிருந்து நாள் இருந்தது. அத்தனை மாதத்தையும் நான் உங்கள் இருவருக்கும் வேடிக்கை காட்டியே கழித்திருக்கிறேன்.

அவரை நான் மன்னித்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருக்கிறவரை மன்னிக்காமல் இருக்க இடம் போதவில்லை. உனக்கு அந்த வசதி இல்லை, நீ தூரத்தில் இருக்கிறாய்.

இரட்டைக் குழாய் சாமானை என்ன செய்வதாக உத்தேசம் என்று வாசலில் செயலாளரிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்கவில்லை. சாமான் இங்கேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேண்டியிருக்கிறது. தையல்காரரின் மனைவி துணைக்கு வருகிறாள்.

உனக்குப் பங்கு வேண்டும் அல்லவா? ஒரு கட்டியைப் பெட்டியில் வைத்துத் தனியாக அனுப்பிவிட்டேன். முத்திரை போட்டது, எடை சுத்தம். தபால் ஆபீசில் தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னதா இருக்கு, இந்தக் கனம் கனக்குதே. உள்ள என்ன?"

"என் தம்பி சொல்லாம விட்டது" என்றேன்.

கண்ணாடி என்றால் மெதுவாகக் கையாளச் சொல்லி முத்திரை குத்துவாளாம். வேண்டாம், உடையாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா